கேம் வகைகள்: மொரீஷியஸ் வீட்டில் எது ஓடும், எது இழுக்கும்

ரோஸ் ஹில்லில் இருந்து ஒரு தாயார் கேட்டது இது. பையனுக்கு 12 வயது. வீட்டில் ஒரு நின்டெண்டோ ஸ்விட்சும் சாதாரண லேப்டாப் ஒன்றும் இருக்கின்றன. டிசம்பர் விடுமுறைக்குக் கேம் வாங்கித் தர வேண்டும். கடைக்குப் போனால் ஆக்ஷன், அட்வென்ச்சர், ஆர்பிஜி, சிமுலேஷன் என்று என்னென்னவோ சொல்கிறார்கள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் பிடிபடவில்லை. பையனுக்குப் பாரிஸில் இருக்கும் பெரியம்மா மகனோடு ஆன்லைனில் ஆட ஆசை. ஆட உட்கார்ந்தாலோ “லேக் அடிக்குது”, அதாவது எல்லாம் தாமதமாக நடக்கிறது என்று பாதியிலேயே கோபித்துக்கொண்டு எழுந்துவிடுகிறான்.

இவை இரண்டு கேள்விகள் மாதிரி தெரிந்தாலும் முடிச்சு ஒன்றுதான். வகை தெரிந்தால் எதில் லேக் கழுத்தை அறுக்கும், எதில் அது தெரியவே தெரியாது என்பதும் தெரிந்துவிடும்.

சினிமாவில் வகை என்றால் கதையைச் சொல்கிறோம்: காதல் படம், பேய்ப் படம். கேமில் வகை என்பது ஆடுகிறவரின் கைக்கும் மூளைக்கும் கொடுக்கப்படும் வேலை. பெட்டியின் மேல் இருக்கும் படத்தை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. சோழர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ கேமுக்கு 2022-இல் வந்த இந்திய விரிவாக்கத்தில் ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளை ஆடலாம். 2025-இல் வந்த ‘சிவிலைசேஷன் 7’ கேமிலும் சோழர்கள் இருக்கிறார்கள். இரண்டிலும் ஊர் கட்டுகிறோம், கப்பல் விடுகிறோம், போருக்குப் போகிறோம். ஆனால் முதலாவதில் நீங்கள் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதற்குள் எதிரி உங்கள் மதிலை இடித்திருப்பான். இரண்டாவதில் ‘அடுத்த முறை’ பட்டனை அமுக்கும்வரை உலகமே அசையாமல் நிற்கும். முதலாவதை ரியல் டைம் ஸ்ட்ராடஜி என்பார்கள், இரண்டாவதை டர்ன் பேஸ்டு ஸ்ட்ராடஜி. படம் ஒன்றுபோல் இருந்தும் ஆட்டம் வேறு.

அதனால் கடையிலோ நண்பர் வீட்டிலோ ஒரு கேமைப் பார்க்கும்போது ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டுப் பத்து விநாடி கை கட்டிக்கொண்டு பாருங்கள். ஒன்றுமே நடக்கவில்லை என்றால் அது காத்திருக்கும் கேம். நீங்கள் செத்துப்போனால் காத்திருக்காத கேம். ஏதோ நடக்கிறது, ஆனால் பெரிய நஷ்டமில்லை என்றால் இடைப்பட்டது. இணையத்தில் கிடைக்கும் எல்லா நீளமான பட்டியல்களையும்விட இந்தப் பத்து விநாடி அதிகம் சொல்லும்.

காத்திருக்கும் குடும்பத்தில் பஸில், அட்வென்ச்சர், டர்ன் பேஸ்டு ஸ்ட்ராடஜி, சீட்டாட்ட வகைகள், ஆர்பிஜியில் ஒரு பாதி ஆகியவை சேரும். பஸிலில் ஒரு விதிவிலக்கு 1984-இல் பிறந்த ‘டெட்ரிஸ்’: பெயருக்குத்தான் புதிர், உண்மையில் அது கைவேகம். அட்வென்ச்சர் என்ற சொல்லில் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டியில் அப்படிப் போட்டிருந்தால் குதித்து ஓடுவது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த வகை 1976-இல் வெறும் எழுத்தால் ஆன ஒரு குகை விளையாட்டில் தொடங்கியது. பொருட்களைத் தேடு, பேசு, யோசி, கதவைத் திற என்பதுதான் அதன் வேலை. இன்று ‘ஆக்ஷன் அட்வென்ச்சர்’ என்று சேர்த்துச் சொல்லும் கேம்களில் சண்டையும் இருக்கும், ‘செல்டா’ அப்படிப்பட்டது.

இந்த இடத்தில் ‘வெண்பா’வைச் சொல்லாமல் போக முடியாது. 2023-இல் வந்தது, ஸ்விட்சிலும் கிடைக்கும். 1980-களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. அம்மாவின் பழைய சமையல் நோட்டில் எழுத்து அழிந்துபோயிருக்கும், அழிந்ததை ஊகித்து இட்லியும் புட்டும் செய்து முடிக்க வேண்டும். எதை முதலில் போடுவது, எதன்மேல் எதை அடுக்குவது என்பதுதான் புதிர். தவறினால் மறுபடி செய்து பார்க்கலாம், அவ்வளவுதான் தண்டனை. மொத்தமே ஒன்றரை மணி நேரம் போல. ஆனால் உங்கள் பையன் பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆட வேண்டிய கேம் இது. நோட்டில் எழுத்து அழிந்த இடத்தில் பாட்டி பேச ஆரம்பிப்பார்.

இனி லேக். நம் இணையம் கடலடிக் கம்பி வழியாக வருகிறது. 2002-இல் இயங்கத் தொடங்கிய சேஃப் கம்பி தென் ஆப்பிரிக்காவில் கிளம்பி ரியூனியன், மொரீஷியஸ் வழியாகக் கொச்சிக்கும் பினாங்குக்கும் போகிறது. மெட்டிஸ் கம்பி 2021 முதல் நம்மைத் தென் ஆப்பிரிக்காவோடு இணைக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஜோகன்னஸ்பர்க் சுமார் 3,000 கிலோமீட்டர், போய்த் திரும்பக் குறைந்தது 30 மில்லிசெகண்ட் (விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லிசெகண்ட்). பாரிஸ் சுமார் 9,400 கிலோமீட்டர், நேர்கோட்டில் போனாலே 94. கம்பி நேர்கோட்டில் போவதில்லை, வழியில் பல இடங்களில் நின்று திரும்புகிறது. ஆகவே ஐரோப்பிய சர்வரோடு, அதாவது ஆட்டத்தை நடத்தும் அங்குள்ள கணினியோடு, ஆடும்போது 200 அளவுக்குப் பிங் (செய்தி போய்த் திரும்பும் நேரம்) இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது நல்லது. வீட்டில் எவ்வளவு வேகமான ஃபைபர் எடுத்தாலும் இந்த எண் குறையாது. 100 எம்பிபிஎஸ் என்பது குழாயின் அகலம், பிங் என்பது குழாயின் நீளம்.

இந்த 200 மில்லிசெகண்ட் ஒவ்வொரு வகையிலும் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்த்தால் பையனின் கோபம் நியாயமானது என்று புரியும்.

ஃபைட்டிங் கேமில் இருவர் நேருக்கு நேர் நின்று அடித்துக்கொள்வார்கள். 1991-இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ போட்ட பாதை அது. திரை விநாடிக்கு 60 படம் காட்டும், அதில் ஒரு படம்தான் ஃப்ரேம், 16.7 மில்லிசெகண்ட். தலைக்கு மேலிருந்து வரும் ஓர் அடிக்கு 20 ஃப்ரேம் ஆகிறது என்றால், அது கிளம்பியதைப் பார்த்துத் தடுக்க உங்களுக்கு 333 மில்லிசெகண்ட் உண்டு. மனிதக் கண் பார்த்துக் கை அசைய ஏறக்குறைய 250 ஆகும். பக்கத்தில் உட்கார்ந்து ஆடினால் தடுத்துவிடலாம். பிங் 200 என்றால் அந்த அடி கிளம்பிய செய்தி உங்களிடம் வரவே 100 போய்விடுகிறது. மிச்சம் 233. கண்ணுக்குத் தெரிந்தும் கை எட்டாது. இப்போதைய ஃபைட்டிங் கேம்களில் ரோல்பேக் என்ற உத்தி இருக்கிறது: எதிராளி என்ன செய்வான் என்று ஊகித்து ஓட்டிவிட்டு, ஊகம் தவறினால் சில ஃப்ரேம் பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும். நம் பட்டன் உடனே வேலை செய்வதுபோல் இருப்பதற்கு அதுதான் காரணம். ஆனால் தாமதம் எங்கேயும் மறைந்துவிடவில்லை, எதிராளி திடீரென்று தாவித் தெரிவான். இந்த வகையை உள்ளூர் நண்பனோடு ஒரே சோஃபாவில் உட்கார்ந்து ஆட வையுங்கள். பாரிஸ் அண்ணனோடு வேண்டாம்.

துப்பாக்கியால் சுட்டு ஆடும் ஷூட்டரில் வேறு மாதிரி வலிக்கும். “சுவருக்குப் பின்னால் போய்விட்டேன், ஆனாலும் செத்தேன்” என்று பிள்ளைகள் கத்துவது பொய்யில்லை. சுடுகிறவன் தன் திரையில் பார்த்த நேரத்துக்கு சர்வர் கணக்கைப் பின்னால் திருப்பி, அப்போது நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது. நீங்கள் நின்ற இடம் அவனுக்குப் போய்ச் சேர 100, அவன் சுட்ட செய்தி உங்களுக்கு வர 100. ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’ கேமில் கத்தியோடு ஓடும் வேகம் விநாடிக்கு 250 யூனிட், ஆளின் அகலம் 32 யூனிட். 200 மில்லிசெகண்டில் நீங்கள் 50 யூனிட் ஓடியிருப்பீர்கள், அதாவது ஒன்றரை ஆள் அகலம். உங்கள் திரையில் சுவருக்குப் பின்னால், அவன் திரையில் திறந்த வெளியில். அந்தக் கேம் 12 வயதுக்கு உரியதில்லை, கணக்குக்காகச் சொன்னேன். ‘ஃபோர்ட்நைட்’ போன்ற பேட்டில் ராயலிலும், அதாவது நூறு பேர் இறங்கி ஒருவர் மிஞ்சும் வகையிலும், இதே கதைதான்.

ஷூட்டர் ஆடியே தீர வேண்டும் என்றால் செட்டிங்கில் சர்வர் இடத்தைப் பாருங்கள். தென் ஆப்பிரிக்கா இருந்தால் அதையே எடுங்கள். ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’, ‘டோட்டா 2’ இரண்டுக்கும் அங்கே சர்வர் உண்டு. ‘தானாகத் தேர்ந்தெடு’ என்று விட்டால் ஐரோப்பாவுக்குப் போய்விட வாய்ப்புண்டு. ஐந்துக்கு ஐந்து பேர் மோதும் மோபா வகைக்கும், கைபேசியில் ஆடும் ‘மொபைல் லெஜண்ட்ஸ்’ உட்பட, இதே விதிதான்.

இப்போது ‘மைன்கிராஃப்ட்’டைப் பாருங்கள். சர்வைவல் (உயிர் பிழைப்பது), சாண்ட்பாக்ஸ் (இஷ்டம்போல் கட்டி ஆடுவது) என்று சொல்லும் வகை. உலகம் விநாடிக்கு 20 முறை நகரும், ஒவ்வொன்றும் 50 மில்லிசெகண்ட். வெடிக்கும் பச்சை உருவம், க்ரீப்பர், பக்கத்தில் வந்து உஸ் என்று சத்தம் போட்டதிலிருந்து வெடிக்க 30 நகர்வு, ஒன்றரை விநாடி. பிங் 200 அதில் 4 நகர்வைத் தின்கிறது. மிச்சம் 26 இருக்கிறது, ஓடித் தப்பலாம். உடைத்த கல் ஒரு கணம் திரும்பத் தோன்றி மறையும், அதைத் தவிர தொல்லை இல்லை. கடல் கடந்த உறவுப் பிள்ளைகள் சேர்ந்து ஆட இதைவிடப் பொருத்தமானதை நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் வாங்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. ஜாவா பதிப்பு, பெட்ராக் பதிப்பு என்று இரண்டு உண்டு, இரண்டும் ஒன்றோடொன்று சேராது. ஸ்விட்சில் இருப்பது பெட்ராக். பாரிஸ் அண்ணன் கம்ப்யூட்டரில் ஜாவாவில் ஆடுகிறான் என்றால் உங்கள் ஸ்விட்ச் அவன் உலகத்துக்குள் போகாது. கம்ப்யூட்டருக்கு இப்போது இரண்டும் சேர்த்தே விற்கிறார்கள், அவன் பெட்ராக்கைத் திறந்தால் போதும். ஸ்விட்சில் ஆன்லைன் ஆட நின்டெண்டோவின் சந்தாவும் வேண்டும், அதைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் ஆடும்போது எல்லாரும் செய்யும் தப்பு, ஊர் சுற்றப் போய் இருட்டில் மாட்டிக்கொள்வது. பகல் வெறும் பத்து நிமிடம். மூன்று மரக்கட்டை வெட்டினால் பன்னிரண்டு பலகை. நான்கில் வேலை மேசை, இரண்டில் நான்கு குச்சி, மூன்று பலகையும் இரண்டு குச்சியும் சேர்த்தால் கடப்பாரை மாதிரியான பிக்காக்ஸ். ஒன்பது பலகை போக மூன்று மிச்சம். உடனே கல் வெட்டி, மலையோரம் ஒரு பொந்து தோண்டி வாயை அடைத்துக்கொண்டால் முதல் இரவு கழிந்துவிடும். இதே குடும்பத்தைச் சேர்ந்த ‘ஆர்க்’ கேமில் நம் டோடோ பறவை உயிரோடு நடமாடுகிறது, அதைப் பழக்கி வளர்க்கவும் முடியும். ஆனால் அதில் ரத்தமும் சண்டையும் அதிகம், இன்னும் சில வருடம் போகட்டும்.

சிமுலேஷன் என்றால் ஒன்றை நடத்துவது: விமானம், நகரம், வீடு, தோட்டம். 12 வயதுக்கு ‘ஸ்டார்டியூ வேலி’ நல்ல வாசல். ஒரே மனிதர் நான்கு வருடத்துக்கும் மேல் உட்கார்ந்து செய்து 2016-இல் வெளியிட்ட தோட்டக் கேம். அதன் ஒரு நாள் காலை 6-இல் தொடங்கி நள்ளிரவு 2 வரை, நம் கடிகாரத்தில் ஏறக்குறைய 14 நிமிடம். ஒரு பருவத்துக்கு 28 நாள், பருவம் மாறினால் அந்தப் பருவத்துப் பயிர் காய்ந்துபோகும். 25-ஆம் நாள் விதை வாங்கிப் போட்டுவிட்டு அழும் பிள்ளைகள் நிறைய. பயிருக்கு எத்தனை நாள் என்று பார்த்து 28-இலிருந்து கழிக்கச் சொல்லிக்கொடுங்கள், கணக்குப் பாடமும் ஆயிற்று. ஸ்விட்சிலும் கம்ப்யூட்டரிலும் இருப்பவர்கள் இதில் சேர்ந்து ஆட முடியாது, இருவரிடமும் ஒரே மெஷின் இருக்க வேண்டும்.

இந்தக் கேம் படுத்துத் தூங்கினால்தான் சேவ் ஆகும். மதியம் கரண்ட் போனால் அந்த நாள் போச்சு. நவம்பர் முதல் மே நடுவரை சைக்ளோன் காலம், அதனால் சேவ் எப்படி ஆகிறது என்பது இங்கே அலங்காரக் கேள்வி இல்லை. ‘மைன்கிராஃப்ட்’ அவ்வப்போது தானே சேவ் செய்யும். பழைய ஜப்பானிய ஆர்பிஜிகளில் சேவ் இடத்தைத் தேடிப் போக வேண்டும். டர்ன் பேஸ்டு வகை பெரும்பாலும் ஒவ்வொரு முறைக்கும் சேவ் செய்யும். ஸ்விட்சிலும் லேப்டாப்பிலும் பேட்டரி இருப்பது பெரிய நிம்மதி. சைக்ளோன் எச்சரிக்கை கிளாஸ் 1 அறிவித்த உடனேயே அப்டேட் எல்லாவற்றையும் இறக்கி, ஒருமுறை வைஃபையை அணைத்துவிட்டுக் கேம் திறக்கிறதா என்று பாருங்கள். சில பெட்டிகளுக்குள் கார்ட்ரிட்ஜே இருக்காது, டவுன்லோடு செய்ய ஒரு எண் மட்டும் இருக்கும். இணையம் போன பிறகு அது வெறும் காகிதம்.

ஆர்பிஜி என்பது எண்கள் வளரும் வகை. 1974-இல் மேசையில் பகடை உருட்டி ஆடிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இதன் தாய். இருபது பக்கப் பகடையில் 15 அல்லது அதற்கு மேல் வந்தால் அடி விழும் என்றால் 15 முதல் 20 வரை ஆறு முகம், 30 சதவீதம். வாள் நல்லதாகிக் கூட்டல் 3 கிடைத்தால் 12 போதும், 45 சதவீதம். இந்த ஏணிதான் மொத்த வகையின் உயிர். ஆக்ஷன் கேமில் ஆடுகிறவன் கை தேறுகிறது, ஆர்பிஜியில் பாத்திரம் தேறுகிறது. பையன் வேகமான கேம்களில் தோற்று அழுகிற சுபாவம் என்றால் ‘போகிமான்’ மாதிரி முறை வைத்து ஆடும் ஆர்பிஜி அவனுக்கு ஒத்துவரும்: முடியவில்லையா, இன்னும் கொஞ்சம் வளர்த்துவிட்டு வரலாம். இதற்கு நேர் எதிர் ‘டார்க் சோல்ஸ்’ பாணி. ஸ்டாமினா, அதாவது பாத்திரத்தின் தெம்பு, தீர்ந்தபின் பட்டனை எத்தனை அமுக்கினாலும் கை ஓங்காது, சுலப நிலையும் கிடையாது.

ரோக்லைக் என்பது 1980-இன் ‘ரோக்’ கேமிலிருந்து வந்த பெயர். செத்தால் முதலிலிருந்து, ஒவ்வொரு முறையும் வேறு வரைபடம். ஒரு ஆட்டம் அரை மணி, ஒரு மணியில் முடிவதால் பள்ளி நாட்களுக்கு ஏற்றது என்பது என் கணிப்பு. குதித்துத் தாவும் பிளாட்ஃபார்மரில் ‘செலஸ்ட்’டைத் தாராளமாகச் சொல்வேன். விளிம்பைத் தாண்டி ஒரு பத்தில் ஒரு விநாடிவரை குதிக்க விடுகிறது, வேண்டுமானால் வேகத்தைப் பாதியாகக் குறைக்கவும் விடுகிறது. கடினமான கேமைக் கருணையோடு செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி. ரேஸிங்கில் ‘மரியோ கார்ட் 8 டீலக்ஸ்’ போதும், சின்னத் தங்கைக்குத் தானே திருப்பும் ஸ்மார்ட் ஸ்டீயரிங் உண்டு. ஃபுட்பால் ‘எஃப்சி’ வரிசை ஒவ்வொரு வருடமும் வருகிறது, போன வருடத்துப் பதிப்பைப் பாதி விலையில் வாங்கினாலும் குறை ஒன்றும் இல்லை. ஹாரரை இந்த வயதுக்கு விட்டுவிடலாம்.

ரியல் டைம் ஸ்ட்ராடஜியை மட்டும் பாரிஸ் பட்டியலில் சேர்க்கத் தயங்காதீர்கள். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ செய்தவர்கள் 2001-இல் எழுதியது: 250 மில்லிசெகண்ட் தாமதத்தை ஆடுபவர்கள் கவனிக்கவே இல்லை, ஏறி இறங்கும் தாமதம்தான் தொந்தரவு. உங்கள் லேப்டாப்பில் இரண்டாம் பாகம் அநேகமாக ஓடும். ஒரு குடியானவன் உருவாக 25 விநாடி, 50 உணவு. தொடக்கத்தில் மூன்று குடியானவரும் ஒரு குதிரைக்காரனும், இடம் ஐந்து பேருக்குத்தான். முதல் அரை நிமிடத்துக்குள் 25 மரத்தில் ஒரு வீடு கட்டாவிட்டால் ஊர் நின்றுவிடும். புதியவர்கள் தோற்பது போர்க்களத்தில் அல்ல, இரண்டு நிமிடம் ஊர் மையத்தைச் சும்மா விட்டு ஐந்து குடியானவரை இழக்கும்போதே தோற்றுவிட்டார்கள்.

தாமதத்தின் அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் நீங்கள் வீட்டில் குறைக்க முடியும். ரவுட்டர் ஹாலில், பையன் பின்னறையில், நடுவே இரண்டு கான்கிரீட் சுவர் என்றால் வைஃபை 90-க்கும் 300-க்கும் நடுவே துள்ளும். நிலையான 200 அதைவிட நல்லது. லேப்டாப்பில் லேன் கம்பி போடுங்கள். ஸ்விட்ச் ஓலெட் மாடலின் டாக்கில் லேன் துளை உண்டு, பழைய மாடலுக்கு யுஎஸ்பி அடாப்டர் வேண்டும். டிவியில் கேம் மோட் போடுங்கள், படத்தை மெருகேற்றும் வேலையில் டிவியே நேரத்தைத் தின்கிறது. தாளத்துக்குத் தட்டும் ரிதம் கேமை புளூடூத் ஹெட்போனில் ஆடவே கூடாது, ஒலி தாமதமாக வந்து எல்லாத் தட்டும் தப்பாகும்.

இலவசம் என்று வரும் கைபேசிக் கேம்களில் காச்சா என்றொரு அமைப்பு இருக்கிறது: பாத்திரங்களைக் குலுக்கல் சீட்டு மாதிரி இழுத்துப் பெறுவது, அதற்குக் காசும் கட்டலாம். ‘கென்ஷின் இம்பாக்ட்’டில் உயர்ந்த பாத்திரம் ஒரு இழுப்புக்கு 0.6 சதவீதம், 90-ஆவது இழுப்பில்தான் உறுதி. வங்கி அட்டையை அந்தக் கைபேசியில் பதியாமல் இருப்பது ஒன்றே பாதுகாப்பு. பெட்டியில் உள்ள பெகி எண், அதாவது ஐரோப்பிய வயது மதிப்பீடு, சொல்வது வயது: 3, 7, 12, 16, 18. ‘மைன்கிராஃப்ட்’ 7, ‘ஃபோர்ட்நைட்’ 12, ‘ஜிடிஏ 5’ 18. எண் உள்ளடக்கத்தைச் சொல்கிறது, கடினத்தைச் சொல்வதில்லை. ஃபுட்பால் கேமில் 3 என்று போட்டிருப்பதால் மூன்று வயதுக் குழந்தை ஆடிவிடாது.

உங்கள் வீட்டுக்கு இந்த டிசம்பரில் ‘மைன்கிராஃப்ட்’ பாரிஸ் அண்ணனோடு, ‘மரியோ கார்ட்’ தங்கையோடு, ‘வெண்பா’ பாட்டியோடு. ஷூட்டருக்குப் பக்கத்து வீட்டு நண்பர்களும் தென் ஆப்பிரிக்க சர்வரும். அங்கே குளிர்காலமாக இருக்கும் டிசம்பரில் பாரிஸ் நமக்கு மூன்று மணி நேரம் பின்னால் இருக்கிறது. அண்ணன் பள்ளி விட்டு 5 மணிக்கு உட்கார்ந்தால் இங்கே இரவு 8. சாப்பாட்டை 7.30-க்கே முடித்துவிடுங்கள்.